பதினைந்தாவது கல்

1893-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் மும்பைத் துறைமுகத்தில் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர், அமெரிக்கா செல்லும் வழியில் ஜப்பானின் நகரங்கள் சிலவற்றைக் கண்டார். ஜூலை 10-ஆம் நாள் யோகோஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்நாட்டு மக்களின் தூய்மையோடு அவர்களுடைய வீட்டுத் தோட்டங்களையும் பாராட்டினார். சிறு செடி, சிறு நீர்நிலை, சிறு கல் பாலம் என்று அமைந்தவை அவை. சர்வமத மகாசபைக்குச் செல்லும் துறவியின் பார்வை ஒரு கொல்லைப்புறத் தோட்டத்திலும் தங்கியது. ஒரு மக்களின் மனம், அவர்கள் சிறிய இடத்தைப் பேணும் விதத்திலும் வெளிப்படுகிறது அல்லவா?

தியானத்தில் முளைத்த கலை

'தியானம்' என்னும் வடசொல்லே சீனத்தில் 'சான்' என்றும் ஜப்பானில் 'ஜென்' என்றும் திரிந்தது. அந்நெறியைச் சீனத்தில் பரப்பிய போதிதர்மர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்பது தமிழகத்தில் வழங்கும் மரபு. ஜப்பானில் ஜென் துறவியர் பலர் தோட்டக் கலையிலும் வல்லவராக விளங்கினர். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த முசோ சொசெகி அவர்களுள் தலைசிறந்தவர்.

அதற்கும் முன்பே, பதினோராம் நூற்றாண்டில், 'சகுதெய்கி' என்னும் தோட்டக் கலை நூல் எழுந்தது. கல்லைத் தன் விருப்பப்படி நிறுத்தாமல், அந்தக் கல் எவ்வாறு அமைய விரும்புகிறது என்று உணர்ந்து நிறுத்த வேண்டும் என்பது அந்நூல் காட்டும் வழி. அகந்தை அடங்கியவனுக்கே இக்கலை வசப்படும் என்பது இதனால் விளங்கும்.

இக்கலையின் நெறிகள் சிலவே. இருபுறமும் ஒன்றுபோல் அடுக்குவதில்லை. இயற்கையில் அத்தகைய ஒழுங்கு இல்லை. வெற்றிடத்தை நிரப்புவதில்லை, 'மா' எனப்படும் அந்த இடைவெளியே பொருள்களுக்குப் பொருள் தருகிறது. பாசி படர்ந்த பழமையைச் சுரண்டி எறிவதில்லை. காலத்தின் சுவடும் அழகே. வேலிக்கு அப்பாலுள்ள மலையையும் மரத்தையும் தோட்டத்தின் பகுதியாகவே கொள்வதுண்டு. இதனை 'ஷக்கெய்', அதாவது கடன் வாங்கிய காட்சி, என்பர்.

இடம் எங்கே?

மும்பை விக்ரோலியில் ஓர் அறையில் ஐவர் வாழும் குடும்பத்திற்கு இவையெல்லாம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். விடியுமுன் தண்ணீர் பிடித்து, மின்தொடர் வண்டியின் நெரிசலில் நின்று, இரவு வீடு திரும்புபவருக்குக் கல்லும் மணலும் வைக்க இடமேது?

ஆனால் அதே விக்ரோலியின் கிழக்கு எல்லையில் தாணே கடற்கழியை ஒட்டி அலையாத்திக் காடுகள் பச்சைப் பட்டாய் விரிந்திருக்கின்றன. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை அக்கழிக்குப் பூநாரைகள் வருகின்றன. 2022-இல் அக்கழி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பட்டா வேண்டுபவனுக்கு அது கிடைக்காது. நின்று நோக்குபவனுக்கு அது சொந்தம். நோக்குபவன் அதில் குப்பையை எறியாமலிருக்கவும் கடமைப்பட்டவன். கடன் வாங்கிய காட்சிக்கு அதுவே வட்டி.

வீட்டினுள்ளும் ஒரு மூலை போதும். பூஜை அலமாரியில் சேர்ந்துவிட்ட பழைய நாட்காட்டிகளையும் நெகிழிப் பூக்களையும் எடுத்துவிட்டு, ஒரு விளக்கும் ஒரு திருவுருவமும் இருக்கச் செய்தால், 'மா' என்பது என்னவென்று விளங்கும். ஜென் மடத்தில் துறவி மணலில் வரியிழுப்பது போலவே, தமிழ்ப் பெண் அடுக்குமாடியின் கதவோரத்தில் சாணளவுக் கோலம் இடுகிறாள். மாலைக்குள் அது மிதிபட்டு அழியும் என்று அறிந்தே இடுகிறாள். பலனைப் பற்றாத கர்மத்திற்கு வேறு சான்று வேண்டுமா?

காணாத கல்

2021-இல் அகமதாபாத்தில் ஒரு ஜென் தோட்டம் திறக்கப்பட்டது. சிறு மணற்பெட்டிகள் கடைகளிலும் விற்கின்றன. அவற்றைப் பார்ப்பதிலோ வாங்குவதிலோ தவறில்லை. ஆனால் அமைதியை அலங்காரப் பொருளாக வாங்கி வைத்துவிட்டு, வீட்டாரிடம் சுடுசொல் பேசினால் பயன் என்ன?

கியோட்டோ நகரின் ரியோன்ஜி ஆலயத்தில் வெண்சரளைப் பரப்பில் பதினைந்து கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்து நோக்கினாலும் பதினான்கே தென்படும், ஒன்று மறைந்திருக்கும். இடம் மாறி அமர்ந்தால் மறைந்த கல் தோன்றும். தோன்றியிருந்த வேறொரு கல் மறையும்.

சிற்றறையில் கூடி வாழ்வோரிடையே பூசல் எழுவது இயல்பு. மாமியார் கண்டது பதினான்கு. மருமகள் கண்டதும் பதினான்கு. தந்தைக்குத் தெரியும் கல் மகனுக்கு மறைந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் முழுமையாகக் காணவுமில்லை. 'எனக்குத் தெரியாத ஒன்று இவரிடத்தில் உண்டு' என்று ஒருகணம் சொல்லை நிறுத்துபவன், எழுந்து மற்றவர் இடத்தில் அமர்ந்து பார்க்கிறான். அந்தப் பணிவே சாதனை. அது வாய்த்த வீட்டில் மண் இல்லாவிட்டாலும் தோட்டம் உண்டு.