தட்டில் நிற்கும் முள்

போன்சாய் என்பது மரத்தில் ஒரு சாதி அல்ல. மரத்தின் மேல் நடத்தப்படுகிற வேலை. இந்த ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். வேரை வெட்டு, கிளையை வெட்டு, கம்பி சுற்று, மண்ணை அளந்து கொடு. விடாமல் செய்தால் ஆலமரமும் முழங்கால் உயரம் தாண்டாது. விதையில் குறையில்லை, தரையில் நட்டால் அது வளரும். ஆனால் பார்க்கிறவர்கள் 'குட்டை மரம்' என்கிறார்கள். குட்டையாக்கப்பட்ட மரம் என்று சொல்வதில்லை. வெட்டிய கை மறைந்துபோகிறது. வெட்டுப்பட்டதன் குணமாகப் பெயர் நிற்கிறது. சாதியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் சேரிக்கு அப்படி ஒரு தட்டு வந்தது. சென்னையில் வீட்டு வேலை பார்க்கும் அக்கா, அந்த வீட்டில் தூக்கிப் போடச் சொன்னதைக் கொண்டுவந்தாள். கட்டைவிரல் பருமனில் தண்டு, சுற்றிலும் முள், ஒரு இலைகூட இல்லை. பக்கத்து வீட்டு ஆயா, "செத்துப்பூட்டுதுடா, தூக்கிப் போடு" என்றது. அக்கா, "தண்ணி நெறைய ஊத்துனா பொழைக்கும்" என்றாள். ஒன்று கைவிடுவது, மற்றது இரக்கப்படுவது. இரண்டிலும் செடி யாரென்று யாரும் விசாரிக்கவில்லை.

ஊசியால் லேசாகக் கீறிப் பார்த்தேன். வெள்ளைப் பால் வந்தது. உயிர் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் இப்படிப் பால் வராது. இது நம்ம சதுரக்கள்ளிக்கு உறவு. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளை விலக்கி வைத்தேன். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்த நீரோடு காத்திருப்பது இதன் வழக்கம். அப்போது அளவுமீறி ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஏரி மணலில் உப்பு. அதனால் ஆத்து மணலும் செங்கல் தூளும் கலந்தேன். வெயிலில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். சில வாரத்தில் இலை, பிறகு சிவப்புப் பூ. பூவை வைத்து ஆளைக் கண்டுகொண்டோம். பிறந்த இடம் மடகாஸ்கர். பெயர் யூபோர்பியா மிலி. ரீயூனியன் தீவில் கவர்னராக இருந்த மிலியஸ் 1821இல் இதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனாராம். முளைத்த மண்ணின் பெயர் இல்லை, கொண்டுபோனவர் பெயர்.

அந்த வீட்டு அம்மா செடியை நேசிக்கவில்லையா? நேசித்திருப்பார். தண்ணீரும் உரமும் பொய்யில்லை. ஆனால் வளராதே என்ற நிபந்தனையோடு தரப்படும் பராமரிப்பு யாருக்கான சேவை? வைத்திருப்பவரின் ஆசைக்கான சேவை.

1932இல் காந்தியார் முன்னின்று தொடங்கிய அமைப்பு பின்பு ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. பொது உரிமைகளுக்கான போராட்டமே அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டே அண்ணல் அம்பேத்கர் எழுதினார். சங்கமோ நலப்பணியின் பக்கம் போனது. நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று தீண்டப்படாதோர் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம் என்று பதில் வந்தது. தண்ணீர் உண்டு, உரம் உண்டு. தட்டு மட்டும் மாறாது.

எங்கள் ஏரியிலும் தட்டு இருக்கிறது. பாடு முறை என்பார்கள். மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிடுவது. வளத்தைப் பேணும் நியாயமான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தப் பங்கு பட்டினவர் ஊர்த் தலைக்கட்டுகளுக்குப் பிறப்பால் வருகிறது. தலித்துகளும் இருளர்களும் வெளியே. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளரைக் காட்டி, "அது அவங்க பழக்கம்பா" என்கிறார்கள். குட்டை மரம் என்பது போலத்தான் இதுவும்.

மனிதரைச் செடியோடு ஒப்பிடலாமா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. செடிக்கு வாயில்லை, கீறித்தான் அறிய வேண்டியிருந்தது. தட்டை விட்டு இறங்க அதற்கு இன்னொருவர் கை வேண்டும். எங்களுக்கு வாய் இருக்கிறது, கால் இருக்கிறது. எனவே எங்களுக்கு எது நல்லது என்று தானே ஊகித்துச் செய்யும் அன்பு, எவ்வளவு உண்மையானாலும் போதாது. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. பொதுக்குளம் எங்களுக்கும் பொது என்று நிலைநாட்ட. வலை தருகிறோம், படகுக் கடன் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியதும் அதுதான். கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். முதலில் பாட்டுச் சீட்டில் எங்கள் பெயரும் விழட்டும்.