கடற்கரை ஓய்வும் விருந்தினர் அறமும்

உழைப்பின் அறம் பற்றி நம் சான்றோர் பலபடப் பேசியுள்ளனர். ஓய்வின் அறம் பற்றிய பேச்சோ அருகியே காணப்படுகிறது. பரீட்சை முடிந்த பின்னர் நண்பர் நால்வர் கூடிக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கோ, காங்கேசன்துறைக்கோ சென்று இரண்டு நாள் ஆறியிருந்து மீள்வதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். களைத்தவன் இளைப்பாறுகிறான், எவருக்கும் தீங்கு இழைத்தானல்லன், ஆதலின் அவன் செயல் அற ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்பது அவர் வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு இழிந்ததொன்றன்று என்பதை முதற்கண் ஏற்றுக்கொள்ளவேண்டும். மனிதன் ஓய்வைப் பெறுதற்பொருட்டே அலுவல்களில் ஈடுபடுகிறான் என்றார் அரிஸ்டோட்டில். நட்பின்றி நல்வாழ்வு நிறைவுறாது என்பதும் அவர் துணிபு. 1936இல் பிரான்சில் தொழிலாளர் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டப்படி பெற்றனர். 1948இல் வெளியான உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் விடுமுறையையும் மனித உரிமையாகவே கூறுகிறது. ஆயின், ஓய்வைப் போற்றிய அரிஸ்டோட்டிலின் நகரிலே குடிமக்களின் ஓய்வு அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. அந்நிலையை அவர் இயற்கையென ஏற்றார். எவருடைய உழைப்பின்மேல், எவருடைய இடத்தில் நாம் ஓய்கிறோம் என்ற வினா அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தமிழ் மரபிற் கடற்கரை வெறும் காட்சிப்பொருளாக என்றும் இருந்ததில்லை. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கியது தொல்காப்பியம். சிலப்பதிகாரத்திற் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்றது இன்பம் நாடியே. எனினும் அக்கானலில் எழுந்த பாட்டே அவர்தம் பிரிவுக்குக் காரணமாயிற்று. ஆடி அமாவாசையிற் கீரிமலைக்குச் செல்வோர் இறந்த தந்தையை நினைந்து நீராடுகின்றனர். கடற்கரையை உடல்நலத்துக்கும் பொழுதுபோக்குக்குமுரிய இடமாகக் காணும் நோக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மருத்துவர் கடல்நீராட்டைப் பரிந்துரைத்ததிலிருந்து வளர்ந்து, புகையிரதப் பாதைகளோடு பரவியதாகும். அந்நோக்கைக் குறைகூறவேண்டியதில்லை. ஆயினும் அது கரையை ஆளற்ற வெளியாகக் காணப் பழக்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

கடற்கரை ஊர்களை நாடுவோர் விரும்பிக் கூறும் சொல் 'அமைதி' என்பதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வடபுலத்தின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டியின் மக்கள் 1990 யூன் மாதத்திற் போரினால் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய அத்துறை 27 ஆண்டுகள் கழித்து, 2017 யூலையிலேயே மீளக் கையளிக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைப் புகையிரத சேவை 2015 தொடக்கத்தில் மீண்டது. வலிகாமம் வடக்கின் காணிகள் யாவும் உரியவரிடம் இன்னும் திரும்பிவிடவில்லை. ஆகவே, ஓர் ஊர் அமைதியாயிருக்கிறது எனக் கூறுமிடத்து இரண்டு பொருள்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். மனிதர் மனநிறைவோடு உறையும் அமைதி ஒன்று. மனிதர் அகற்றப்பட்டதால் வந்த வெறுமை மற்றொன்று. செவிக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாட்டை அறிவே காட்டவல்லது.

மேலும், கரை என்பது தொழிற்களம். கரைவலை இழுக்கப்படும் கரைப்பகுதியைத் தொழிலாளர் 'பாடு' என்பர். துன்பத்துக்கும் உழைப்புக்கும் அதே சொல் வழங்குதல் எண்ணத்தக்கது. மணலிற் கிடக்கும் வலை ஒருவரின் மூலதனம். காயும் கருவாடு ஒரு குடும்பத்தின் வருவாய். வாடியின் நிழலிற் பகலில் உறங்குபவர் இரவு முழுதும் கடலில் இருந்தவர். எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகளால் வலையிழந்து கடன்பட்டவரும் அவர்களுள் உளர். உட்கிராமங்களிற் பிறந்த நம்மிற் பலர் கடற்கரையைச் சந்தைவழியாக மட்டுமே அறிந்தோம்; சாதிப் படிநிலை அவ்வறியாமையைக் காத்தும் வந்தது. அத்தகையோர் அங்கே ஓய்வுக்குச் செல்லும்போது அவ்வறியாமையையும் உடன்கொண்டு செல்கின்றனர்.

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழலாம். துயர் கண்ட கரையில் மகிழ்தல் தகாதெனின் அங்கே செல்லாதிருப்பதே நன்று என்பது ஒன்று. இது பொருந்தாது. நாம் செல்லாதிருப்பதனால் எவர் காணியும் மீளாது. சிறுகடைக்காரரின் வருவாயே குறையும். துயருற்ற ஊர் என்றென்றும் துக்கவீடாகவே இருக்கவேண்டும் என்பதும் அவ்வூர்க்கு இழைக்கும் ஒருவகைக் கொடுமையே. அங்குள்ள சிறுவரும் அதே அலைகளில் விளையாடுகின்றனர் அல்லரோ?

மற்றைய மறுப்பு வலிதானது. 'தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பணம் செலுத்துகிறோம். அதற்குமேல் நமக்குக் கடன் யாதுமில்லை' என்பது அது. பணம் அறைக்கும் உணவுக்கும் ஈடாகலாம். ஆயின், இரவு முழுதும் உழைத்தவரின் பகலுறக்கத்தை நம் ஒலிபெருக்கி கலைக்குமெனின் அதற்கு எவரும் விலை பேசியதில்லை. மணலில் நாம் எறியும் போத்தல் உடைந்து வலையிழுப்பவரின் வெறுங்காலிற் குத்துமெனின் அதுவும் எக்கணக்கிலும் சேர்ந்திலது. விலை பேசப்படாதவை விலையற்றவை எனக் கொள்ளுதலே இவ்வாதத்தின் குறைபாடாகும்.

நம் அறநூல் விருந்தோம்பலை ஓர் அதிகாரமாக வைத்துப் பேசுகிறது. வள்ளுவர் அங்கே விருந்தினரின் உள்ளம் அனிச்சத்தினும் மெல்லியது எனக் கண்டு, ஓம்புவோரை எச்சரிக்கிறார். ஓம்புவோரின் உள்ளமும் அத்தகையதே என்பதை அதிகாரம் கூறாதுவிட்டது. விருந்தினர் நாளும் திரள்திரளாக வரும் இக்காலத்தில் அவ்விடத்தை நாமே நிரப்பவேண்டியுள்ளது. வந்த ஊரின் பெயரோடு அதன் கதையையும் கேட்டறிதல், அதன் தொழிலுக்கு வழிவிடுதல், அவ்வூரவர் தம் துயரைப் பேச விரும்பாதவிடத்து வற்புறுத்திக் கேளாதிருத்தல் ஆகியன விருந்தினர் அறத்தின் பாற்படும். இறுதியிற் கூறியது சிறப்பாக நினைக்கத்தக்கது. பிறர் துன்பத்தை ஒரு காட்சியாக்கிச் சுவைப்பதும் நுகர்ச்சியே.

இங்ஙனம் அறிந்து ஓய்ந்தால் ஓய்வின் இனிமை குன்றாதோ எனின், சற்றே குன்றலாம். மறதியால் வரும் இனிமை அவ்வளவில் குறையும். ஆயின் நண்பர் கூட்டுறவின் பயன் மறதி அன்று. தனியொருவன் காணத் தவறுவதை நால்வர் சேர்ந்து காணலும், கண்டதைப்பற்றி இரவு நெடுநேரம் உரையாடலும், உடன்படாது வாதிடலுமே அதன் பயன். அத்தகைய உரையாடலுக்கு இடந்தராத ஓய்வு களைப்பை மட்டுமே நீக்கும்; இடந்தருவதோ மனிதனை வளர்க்கும். இளைப்பாறும் உரிமை நமக்கு உண்டு. இளைப்பாறும் இடம் பிறருடையது என்னும் நினைவும் அவ்வுரிமையோடு உடன்வருதல் வேண்டும்.