கிட்டத்தில் நின்ற சாட்சி

உண்மையை அறிய வேண்டுமென்றால் விலகி நின்று பார்க்க வேண்டும், சாட்சி சம்பவத்தில் கலக்கக் கூடாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் விலகி நின்றால் தெரியவே தெரியாத விஷயங்களும் இருக்கின்றனவே?

ஒளியை வைத்துப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிடச் சிறியது மங்கிவிடும். 10 மைக்ரான் அகச்சிவப்புக் கதிருக்கு அந்த எல்லை 5 மைக்ரான். 1928இல் அயர்லாந்துக்காரரான எட்வர்ட் ஹட்சின்சன் சிங், ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நுண்ணிய தங்கத் துகள் ஒன்றைப் பொருளுக்கு வெகு அருகே கொண்டுபோய், அது சிதறடிக்கும் ஒளியைப் பிடித்தால் என்ன? இன்றைய அண்மைப்புல நுண்ணோக்கிகள் செய்வது ஏறக்குறைய அதைத்தான். துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நுணுக்கம், அலைநீளம் தடையில்லை.

விலை ஒன்று உண்டு. அவ்வளவு நெருக்கத்தில் துகளும் பொருளும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. நமக்கு வந்து சேர்வது இரண்டின் கூட்டொளி. அதனால் துகளை மேலும் கீழும் ஆட்டுகிறார்கள். எட்டப் போனாலும் மாறாத ஒளி வெறும் பின்னணி, அதைக் கழித்துவிடுகிறார்கள். கிட்டத்தில் மட்டும் துள்ளுவதே செய்தி. துகள் உருண்டையாக இருந்தால் அதன் பங்கைக் கணக்கிடுவதும் எளிது.

எங்கள் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி, மின்வேதியியலுக்கான ஆய்வகம். அந்தத் துறையின் பாலபாடமும் இதுதான்: ஒற்றை மின்வாயின் மின்னழுத்தத்தைத் தனியாக யாராலும் அளக்க முடியாது. இன்னொரு மின்வாயை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்காக அளவைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. எதை வைத்து அளந்தோம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

இது எனக்கு வெறும் அறிவியல் செய்தி இல்லை. குடும்ப வரலாறு ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அப்பத்தா பர்மாத் தேக்கையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரையும் பற்றி ஒரே மாதிரி சொல்வார். பினாங்கிலிருந்து காகிதம் வராத வருஷங்களை என்னிடம் மட்டும்தான் சொன்னார். “நீ கேக்கிறதுனால சொல்றேன்ப்பா. இல்லாட்டி இதையெல்லாம் யாரு நெனைக்கிறா?”

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “நீ கிளறுறே, ஆத்தா சொல்லுது. அதப் போயி புத்தகத்துல போடுவியா?”

அவர் சொல்வதில் பாதி சரி. கேட்டதனால்தான் அது வெளியே வந்தது. ஆனால் கேட்டதனால் அது உண்டாகிவிடவில்லை. எல்லோரிடமும் சொன்னது பின்னணி. கிட்டத்தில் மட்டும் வந்தது அவருடையது, கொஞ்சம் என்னுடையதும்கூட. என் பங்கை மறைத்தால்தான் அது பொய்யாகும்.

அந்தப் பக்கத்தை எடுக்கப் போவதில்லை. கேட்டது பேரன், இந்த வீட்டில் பங்குள்ளவன், தாத்தாவைப் பார்த்தறியாதவன் என்று அதன் தலைப்பிலேயே எழுதிவிடுவேன்.