நடுவரின் கண்ணும் நெஞ்சின் கண்ணும்

ஒருவன் நமக்குத் தீங்கு இழைக்கிறான். அவனைத் தண்டிக்க வேண்டியவரோ வாளா இருந்துவிடுகிறார். அந்நிலையில் தண்டனையை நாமே வழங்கிவிடலாமா? அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று. நீதிமன்றத்தில் மட்டுமன்றி விளையாட்டுக் களத்திலும் இக்கேள்வி எழுகிறது. களத்தில் நடப்பவை பலர் கண்முன் நடப்பதால், அங்கே இதனை ஆராய்வது எளிது. அமெரிக்காவில் நடைபெறும் ஸ்டாக் கார் பந்தயங்கள் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமானவை.

எழுதப்படாத எல்லை

இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948இல் தோன்றியது. இதில் ஓடும் கார்கள் சாலையில் செல்லும் கார்களின் தோற்றத்தைக் கொண்டவை. சக்கரங்கள் உடற்பகுதிக்குள் மூடப்பட்டிருப்பதால், ஒன்றையொன்று இலேசாக உரசினாலும் தொடர்ந்து ஓடக்கூடியவை. மார்ட்டின்ஸ்வில் போன்ற களத்தில் ஒரு சுற்றின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய பாதையில் ஏறத்தாழ நாற்பது கார்கள் நெருங்கி ஓடும்போது உரசாமல் முந்துவது அரிது. ஆகவே ஓரளவு உரசலை மரபு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வழிவிடச் செய்யும் தட்டுக்கும், வேண்டுமென்றே சுவரில் மோதவைக்கும் இடிக்கும் இடையே உள்ள எல்லையை மையினால் வரைய முடிவதில்லை. ஓட்டுநரின் கட்டுப்பாடும் நடுவரின் நிதானமும் சேர்ந்தே அந்த எல்லையைக் காக்க வேண்டும்.

அடிக்கு அடி

2015 அக்டோபர் 18 அன்று கான்சஸ் களத்தில் மாட் கென்செத் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே எஞ்சியிருந்தபோது, தம்மை முந்தவிடாமல் மறித்த அவரது காரை ஜோயி லொகானோ பின்னாலிருந்து இடித்தார். கென்செத்தின் கார் சுழன்று பின்தங்கியது, லொகானோ வென்றார். நிர்வாகம் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. அதன் தலைவரே அந்த ஓட்டத்தை இவ்விளையாட்டின் இயல்பு என்று பாராட்டினார். அடுத்த பந்தயத்தோடு கென்செத் பட்டத்துக்கான போட்டியிலிருந்து வெளியேறினார்.

நவம்பர் 1 அன்று மார்ட்டின்ஸ்வில்லில் லொகானோ முதலிடத்தில் ஓடினார். கென்செத்தோ முந்தைய மோதல் ஒன்றில் சேதமடைந்த காருடன் பல சுற்றுகள் பின்தங்கியிருந்தார். அவருக்கு வெற்றி வாய்ப்பே இல்லை. அந்நிலையில் அவர் லொகானோவின் காரைத் தள்ளிச் சென்று சுவரில் மோதவைத்தார். பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தனர். நிர்வாகம் கென்செத்துக்கு இரண்டு பந்தயங்களில் பங்கேற்கத் தடை விதித்தது.

பலர் கென்செத்தின் பக்கம் நின்றனர். ‘நடுவர் செய்யாததை அவர் செய்தார்’ என்பதே அவர்களது வாதம். இவ்வாதத்தை ஏற்றால் எங்கே சென்று நிற்போம் என்பதைக் குருக்ஷேத்திரம் காட்டுகிறது. போர் தொடங்கும் முன் இரு தரப்பினரும் விதிகளை வகுத்துக்கொண்டனர். பின்னர் அவை ஒவ்வொன்றாக மீறப்பட்டன. தனியனான அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றனர். ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணர் கொல்லப்பட்டார். கதைப் போரில் துரியோதனன் தொடையில் அடிக்கப்பட்டான். ஒவ்வொரு மீறலுக்கும் முந்தைய மீறல் ஒரு நியாயமாயிற்று. இறுதியில் உறங்குபவர்களைக் கொல்லும் இரவு வந்தது. பழிக்குப் பழி என்ற கணக்கு ஒருபோதும் நேர்செய்யப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு இன்னும் பாக்கி இருப்பதாகவே கருதுகின்றனர்.

நடுவரின் பொறுப்பு

இதனால் நடுவர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாஸ்கார், கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, ஓட்டுநர்கள் தங்கள் பிணக்குகளைக் களத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்ற பொருள்பட அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் 7 அன்று அட்லாண்டாவில், 150க்கும் மேற்பட்ட சுற்றுகள் பின்தங்கியிருந்த கார்ல் எட்வர்ட்ஸ், முன்னதாக ஏற்பட்ட மோதலுக்குப் பதிலடியாக பிராட் கெசலோவ்ஸ்கியின் காரை இடித்தார். அது காற்றில் எழும்பிச் சுவரில் மோதியது. கெசலோவ்ஸ்கி உயிர் தப்பினார். எட்வர்ட்ஸுக்கு எஞ்சிய பந்தயத்தில் ஓட அனுமதி இல்லை. அதன்பின் கிடைத்ததோ மூன்று பந்தயங்களுக்கான நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வகைச் செயலுக்குக் கென்செத் தடை பெற்றார்.

நடுவர் கடுமையாக இருப்பதோ மென்மையாக இருப்பதோ இரண்டாவது செய்தி. அவரது அளவுகோல் நாளுக்கு நாள் நீண்டு சுருங்கினால், ‘எது சரி?’ என்று கேட்க வேண்டிய ஓட்டுநர் ‘எது தண்டனைக்கு உள்ளாகும்?’ என்று கேட்கப் பழகுகிறார். ஒரு தவறான தீர்ப்பினால் ஒரு பந்தயம் கெடுகிறது. நிலையற்ற தீர்ப்புகளால் ஓட்டுநர்களின் மனச்சான்றே மழுங்குகிறது. நீதிபதி நீதியின் உயிருள்ள வடிவமாக இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கருதியது இதனால்தான்.

நோக்கத்தைக் கண்டவர் யார்?

நடுவர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவரால் காண இயலாத ஒன்று உண்டு. 2013 செப்டம்பர் 7 அன்று ரிச்மண்ட் களத்தில், ஏழு சுற்றுகள் எஞ்சியிருந்தபோது கிளின்ட் பௌயரின் கார் சுழன்றது. மஞ்சள் கொடி காட்டப்பட்டது. பந்தயத்தின் போக்கு மாறியது. அதன் பயனாகப் பௌயரின் அணியைச் சேர்ந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸ் இறுதிக்கட்டத் தகுதி பெற்றார். முன்னணியில் இருந்த ரயன் நியூமன் அதனை இழந்தார்.

பௌயர் வேண்டுமென்றே சுழன்றார் என்பதை உறுதியாக நிரூபிக்க முடியவில்லை என்றே நிர்வாகம் கூறியது. அதே அணியின் மற்றோர் ஓட்டுநரை வண்டி நிறுத்துமிடத்துக்கு வரும்படி பணித்த வானொலி உரையாடல்தான் சான்றாயிற்று. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதமும், அதன் மூன்று ஓட்டுநர்களுக்கும் தலா 50 புள்ளிகள் குறைப்பும் விதிக்கப்பட்டன. தகுதி நியூமனுக்கே திரும்பியது. பெரிய விளம்பர ஆதரவாளர் ஒருவர் அணியை விட்டு விலகினார். 2015ஆம் ஆண்டுப் போட்டிகளுக்குப் பின் அணியே மூடப்பட்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒளிப்படக் கருவி காரைக் காட்டும். வானொலிப் பதிவு சொல்லைக் காட்டும். சக்கரத்தைத் திருப்பிய கை எந்த எண்ணத்துடன் திருப்பியது என்பதை அந்தக் கைக்குரியவர் ஒருவரே அறிவார். அந்த வழக்கில் அவரே சாட்சி, அவரே நீதிபதி.

வெற்றி எது?

2024 ஆகஸ்ட் 11 அன்று அதே ரிச்மண்டில், இறுதிச் சுற்றில் ஆஸ்டின் டில்லன் முதலில் லொகானோவையும் அடுத்து டென்னி ஹாம்லினையும் இடித்துக் கடந்து முதலாவதாக வந்தார். அன்றைய முறையில் ஒரு வெற்றியே இறுதிக்கட்டத் தகுதியைத் தந்துவிடும். நிர்வாகம் வெற்றியை அவரிடமே விட்டுவிட்டு, அந்தத் தகுதியையும் 25 புள்ளிகளையும் பறித்தது. மேல்முறையீடும் பயன் தரவில்லை. பட்டியலில் வெற்றி இருக்கிறது. அதன் பயன் இல்லை. விந்தையான இத்தீர்ப்பு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கோட்டை முதலில் கடப்பது ஒரு நிகழ்ச்சி மட்டுமே. மற்றவர்களும் நேர்மையாக ஓட இடமளித்த ஓட்டத்தில் கடந்தால்தான் அது வெற்றியாகும்.

நம்மில் பெரும்பாலோர் அக்களங்களைக் கண்டதில்லை. எனினும் வரிசையில் நிற்கும்போதும், தேர்வு எழுதும்போதும், சாலைச் சந்திப்பில் காத்திருக்கும்போதும் ‘எல்லோரும்தான் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை’ என்ற குரல் நமக்குள்ளும் எழுகிறது. நடுவர் பொறுப்பில் இருப்பவர்கள் அளவுகோலை மாற்றாமல் காக்கட்டும். அது அவர்கள் கடமை. அவர்கள் தவறினால் முறையாக எடுத்துரைத்து நீதி கேட்பது நம் உரிமை. ஆனால் அவர்களுடைய தவறு நம் கையிலுள்ள சக்கரத்தைத் திருப்ப அனுமதிச் சீட்டு ஆகாது. அதைத் திருப்பும் எண்ணத்தை நெஞ்சின் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது.