இறைவனின் சித்தமா, நம் தாமதமா?

பிள்ளைப்பேற்றில் தாயை இழந்த வீட்டினுள் நுழையும்போது சொற்கள் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. உள்ளறையில் பச்சிளங் குழந்தை பாலுக்கு அழுகிறது. நடுவீட்டில் அதன் தாய் பெட்டியில் கிடக்கிறாள். ஏதேனும் சொல்லவேண்டுமே என்று, "எல்லாம் ஆண்டவரின் சித்தம்" என்கிறோம். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனால் அது உண்மையா? இக்கேள்வியை இழவு வீட்டில் எழுப்புவது முறையன்று; என்றுமே எழுப்பாதிருப்பதும் முறையன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ பேறுகாலத்திலோ இறந்தனர். இத்தகைய மரணங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குக் காரணம் உயர் இரத்த அழுத்தம். ஐந்தாம் மாதத்துக்குப் பின் அது ஓசையின்றி வருகிறது. முகமும் கைகளும் வீங்குகின்றன, தலை விடாமல் வலிக்கிறது, பார்வை மங்குகிறது, மேல்வயிற்றில் வலி எடுக்கிறது. பின்னர் வலிப்பு வருகிறது. 'ஜன்னி கண்டுவிட்டது' என்று நம் பாட்டிமார் சொன்ன மரணங்கள் பலவும் இவ்வலிப்பினால் நேர்ந்தவையே. பிள்ளை பிறந்த பின்னரும் சில நாட்கள்வரை, சிலருக்குச் சில வாரங்கள்வரை இந்த ஆபத்து நீங்குவதில்லை.

ஆனால் இது கண்டறிய அரிய நோயன்று. கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். 140/90 என்ற அளவை எட்டினால் அது எச்சரிக்கை. சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்ப்பதும் எளிது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு மருத்துவர் தொடக்க மாதங்களிலேயே சிறிதளவு ஆஸ்பிரின் தருகிறார். வலிப்பைத் தடுக்கும் மருந்தான மக்னீசியம் சல்பேட் வேறொன்றுமன்று. பேதியுப்பு என்று நாம் அறிந்த அதே உப்பு, ஊசிமருந்தாக. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வு, இம்மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது. விலையோ மிகக் குறைவு.

அவ்வாறாயின் தாய்மார் ஏன் இறக்கின்றனர்? 1994இல் ஆய்வாளர் இருவர் மூன்று தாமதங்களைச் சுட்டினர்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் இல்லங்களில் முதல் தாமதத்தின் குரல் நமக்குப் பழக்கமானதே. "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்புதானே", "அவர் வேலையிலிருந்து வரட்டும்", "நவநாள் முடியட்டும்." வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம், நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். வளையல்களோடும் பலகாரங்களோடும் அவளுடைய மருத்துவக் குறிப்பேடும் உடன் சென்றதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

எல்லா மரணங்களையும் தடுத்துவிட இயலாது என்பதை அறிவோம். துயருற்றோர்மீது பழி சுமத்துவதும் நம் நோக்கமன்று. ஆனால் இறைவன் விரும்புவது வேறு, அவர் அனுமதிப்பது வேறு என்பது திருச்சபையின் போதனை. தடுத்திருக்கக்கூடிய மரணத்தை அவருடைய விருப்பம் என்று சொல்லும்போது, நம் கவனக்குறைவை அவர்மேல் ஏற்றிவிடுகிறோம். திருப்பலியின் தொடக்கத்தில், செய்த தீமைக்காக மட்டுமன்று, செய்யத் தவறிய நன்மைக்காகவும் மார்பில் தட்டிக்கொள்கிறோம். அந்தத் தட்டலில் ஒரு தாயின் வீங்கிய முகம் நம் நினைவுக்கு வரவேண்டாமா?

திருச்சபையும் இவ்வகையில் தன்னையே ஆய்ந்து திருந்திய வரலாறு உண்டு. பிரிவினைக்கு முன் இந்தியாவிலிருந்த இராவல்பிண்டியில், ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத இஸ்லாமியப் பெண்கள் பேறுகாலத்தில் மடிவதை ஆஸ்திரியப் பெண் மருத்துவரான அன்னா தெங்கல் 1920 முதல் நேரில் கண்டார். ஆயினும் துறவற சபையினர் பிள்ளைப்பேறு பார்ப்பதைச் சபைச் சட்டம் அந்நாளில் தடுத்தது. அவர் 1925இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகளின் சபையைத் தொடங்கினார். 1936இல் உரோமை அத்தடையை நீக்கியது. சட்டத்தைவிடத் தாயின் உயிர் பெரிது என்று திருச்சபை கண்டுகொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்மாதிரி நற்செய்தியிலேயே இருக்கிறது. முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்தைக் காண மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றதாகவும், ஏறக்குறைய மூன்று மாதங்கள் உடன் தங்கியதாகவும் புனித லூக்கா எழுதுகிறார். முதிர்ந்த வயதின் பேறு ஆபத்து மிக்கது என்பதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது. மரியா வீட்டிலிருந்தபடியே செபித்திருக்கலாம். ஆனால் அவர் புறப்பட்டார். அதுவும் தாமதமின்றிப் புறப்பட்டார்.

செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளில் இரண்டாவதைச் சொல்லும்போதெல்லாம், நம் தெருவில் கருவுற்றிருக்கும் பெண் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவளுக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்போம். தலைவலிக்கிறது என்று அவள் சொன்னால், அவ்விரவே வண்டி பிடிப்போம். இறைவனின் சித்தம் எது என்பதை அப்போது நாம் கல்லறையருகே நின்று தேடவேண்டியிராது.