பறவை தொடும், மீன் பார்க்கும், ஆமை நினைக்கும்

சிவமயம்



அண்மைய ஆண்டுகளில் எங்கள் வீடுகள் பலவற்றில் ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. குளிர்காலத்தில் பாடசாலையால் வந்த பிள்ளைகள் கைகால் கழுவ முன்னரே கணினியைத் திறந்து ஒரு கழுகுக் கூட்டைப் பார்க்கிறார்கள். பார்க்கப் போனால் பெரியவர்களும் பின்னால் வந்து நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் கூடு இருப்பது அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்தின் சான் பெர்னாடினோ மலைகளில். பிக் பியர் என்னும் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் பைன் மரமொன்றில், ஏறக்குறைய 145 அடி உயரத்தில், சுள்ளிகளால் கட்டப்பட்டது. குடியிருப்பவை வெண்தலைக் கழுகுச் சோடி. பெண்ணுக்கு ஜாக்கி என்றும் ஆணுக்கு ஷடோ என்றும் பெயர். 2015 இல் அவ்விடத்து இயற்கைப் பாதுகாப்புச் சங்கமொன்று அங்கே கமரா பொருத்தியது. இரவு பகலாக, மழையோ பனியோ, அந்தக் கூடு உலகத்தின் கண்முன் இருக்கிறது.

"பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பறவைக்கு என்ன பிரயோசனம்? உங்களுக்குத்தான் என்ன பிரயோசனம்?" என்று வீட்டிலே ஒரு பாட்டியார் கேட்பார். நல்ல கேள்வி. கோயில் மலரில் எழுதத் தக்க கேள்வி. ஏனெனில் பார்ப்பதற்கும் காப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி எங்கள் சைவம் நெடுங்காலம் சிந்தித்திருக்கிறது.

குரு தன் மாணவனை ஆட்கொள்ளும் வழிகளைச் சைவ நூல்கள் தீட்சை என்று வகுக்கின்றன. நயனம், பரிசம், மானசம், வாசகம், சாத்திரம், யோகம், ஔத்திரி என அவை ஏழு. இவற்றுள் மூன்றுக்கு எங்கள் முன்னோர் முட்டையையே உவமையாக வைத்தார்கள். பறவை தன் முட்டையைத் தொட்டு அணைத்துப் பொரிக்கும். அது பரிச தீட்சை. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கும். அது நயன தீட்சை. ஆமை மணலில் முட்டையிட்டுக் கடலுக்குள் போய், அங்கிருந்து நினைத்தே பொரிக்கும்; அது மானச தீட்சை. அன்னை மீனாட்சியின் திருநாமத்துக்கும் பெரியோர் இவ்வாறே பொருள் சொல்வர்: மீன் தன் பார்வையால் முட்டையைக் காப்பதுபோல் உயிர்களைக் கண்ணாலே காப்பவள். விஞ்ஞானம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் "மீன் உண்மையில் அப்படியா செய்கிறது?" என்று கேட்பார்கள். இது உயிரியல் பாடம் அல்ல, அருளைப் பற்றிய உவமை என்று அவர்களுக்குச் சொல்லலாம். பறவை மட்டும் உவமைக்கும் உண்மை, உயிரியலுக்கும் உண்மை.

முதலில் பரிசத்தைப் பார்ப்போம்.

கழுகின் நகம் மீனைக் குத்திப் பிடிக்கும் ஆயுதம். அதே கழுகு முட்டைக்குக் கிட்ட வரும்போது விரல்களை மடக்கிக்கொண்டு, கைமுட்டியால் நடப்பதுபோல் மெல்ல நடக்கும். வயிற்றுப் பக்கத்து இறகை விலக்கி, வெறுந்தோலின் சூடு முட்டையில் படும்படி அமரும். இடையிடையே எழுந்து முட்டையைச் சொண்டால் புரட்டிவிடும். ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு மேல் இந்தத் தவம். தாய் மட்டும் செய்வதில்லை. தகப்பனும் முறை எடுத்து அடைகாக்கும். பிள்ளை வளர்ப்பு பெண்களின் பாடு என்று இன்னும் எண்ணும் ஆண்கள் ஒருமுறை ஷடோவைப் பார்க்கட்டும்.

2024 ஜனவரியில் ஜாக்கி மூன்று முட்டை இட்டது. பெப்ரவரியில் பனிப்புயல் வந்தது. அறுபது மணித்தியாலத்துக்கு மேலாக அது எழும்பாமல் இருந்தது. முதுகிலே பனி ஏறியது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. புயல் போயிற்று, நாட்கள் எண்ணப்பட்டன, பொரிக்கவேண்டிய நாளும் கடந்தது. அதன் பிறகும் இரண்டும் மாறி மாறி இருந்தன. ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. அதற்கு முந்திய 2023 ஆம் ஆண்டு இட்டவையும் பொரிக்கவில்லை.

கணக்கு எழுதுவது என் தொழில். எங்கள் பேரேட்டில் திரும்பி வராத பணத்துக்கு ஒரு பெயர் உண்டு: அறவிடமுடியாக் கடன். ஒரு காலம் பார்த்துவிட்டு அதைப் பதிவழித்துவிடுவோம். தொழிலுக்கு அது சரி. ஆனால் அந்த அறுபது மணித்தியாலத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரவு இல்லை, ஆனாலும் அதை நட்டம் என்று எழுத எனக்குக் கை வராது. முட்டைக்குச் சூடு கொடுப்பது தாயின் பங்கு, அது பொரிப்பது இறைவன் பங்கு. தன் பங்கை முழுமையாகச் செய்தவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. 2025 ஜனவரியில் அதே சோடி அதே கூட்டில் மறுபடி மூன்று முட்டைக்கு அடைகாத்தது. மார்ச் தொடக்கத்தில் மூன்றும் பொரித்தன.

தொடுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அது கசப்பானது. ஒரு காலத்தில் இந்தக் கழுகினம் அழியும் தறுவாயில் இருந்தது. 1963 இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் 417 சோடிகளே கூடுகட்டியதாகக் கணக்கெடுப்பில் தெரிந்தது. முக்கிய காரணம் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி. அது வயலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகின் உடம்புக்கும் போனது. அதனால் முட்டையின் ஓடு மெலிந்தது. சூடு கொடுக்க அமர்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொருங்கியது.

மெய்யடியார்களே, இதைச் சற்று நின்று யோசியுங்கள். அந்தத் தாயிடம் அன்பு குறையவில்லை. அவள் அணைப்பும் பழைய அணைப்புத்தான். உள்ளே தங்கிய நஞ்சு அணைப்பையே ஆபத்தாக்கியது.

எங்களில் பலர் அகதிகளாக வந்தவர்கள். கண்டதையும் கேட்டதையும் உடம்புக்குள் வைத்துக்கொண்டு வந்தோம். சிலருக்கு அது திடீர்க் கோபமாக வெளிப்படுகிறது, சிலருக்கு நாட்கணக்கான மௌனமாக, சிலருக்குப் போத்தலாக. பிள்ளைகளுக்காகவே இரண்டு வேலை செய்கிற தகப்பனின் வீட்டில், அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அறைக்குள் போய்விடுகிறார்கள் என்றால், அங்கே அன்புக்குப் பஞ்சம் இல்லை, நஞ்சு எடுபடவில்லை. கழுகு தன் நஞ்சைத் தானே எடுக்க முடியவில்லை. 1972 இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்த பிறகே ஓடுகள் மெல்ல மெல்லத் தடித்தன. நாங்களும் தனியே எடுக்க முடியாது. கோயிலுக்கு வருவதும் வழி; வைத்தியரிடமும் மனநல ஆலோசகரிடமும் போவதும் வழி. ஒன்று மற்றதற்குத் தடை இல்லை. அதிலே வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்தது நயனம்.

அந்தக் கழுகினத்தைக் காப்பாற்றியதில் ஒரு கனடியரின் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. சார்ள்ஸ் புரோலி என்பவர் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புளோரிடாவில் 1939 முதல் கழுகுக் கூடுகளுக்கு ஏறி, பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் இட்டார். ஆண்டுதோறும் குறிப்பு எழுதினார். 1947 அளவில் குஞ்சுகள் குறைவதை அவருடைய குறிப்பேடு காட்டியது. வங்கிக்காரர் அல்லவா, தொகை குறைந்தால் கண்ணில் குத்தாமல் விடுமா? றேச்சல் கார்சன் அம்மையார் 1962 இல் பூச்சிகொல்லிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் அவருடைய கணக்கும் சாட்சியாக நின்றது. பத்தாண்டில் தடை வந்தது. 2007 இல் வெண்தலைக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021 இல் வெளியான அரச அறிக்கை 71,000 இற்கும் மேற்பட்ட சோடிகள் கூடுகட்டுவதாக மதிப்பிட்டது. பாட்டியாரின் கேள்விக்கு இது ஒரு விடை. பொழுதுபோக்கப் பார்த்தால் பயன் இல்லை. பொறுப்போடு பார்த்தால் அந்தப் பார்வையும் அடைகாக்கும்.

ஆனால் பார்வைக்கு ஒரு வேதனையும் உண்டு. 2025 மார்ச் நடுப்பகுதியில் வந்த பனிப்புயலில், பொரித்த மூன்று குஞ்சுகளில் ஒன்று இறந்தது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் மரத்தில் ஏறவில்லை. ஏறியிருந்தால் தாய் வெருண்டு பறந்திருக்கும். மற்ற இரண்டும் குளிரில் விறைத்திருக்கும். அந்த இரண்டும் ஜூன் மாதத்தில் கூட்டைவிட்டுப் பறந்தன. இதை வைத்துக்கொண்டு, "எங்கள் சனம் அழிந்தபோது இறைவனும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்?" என்ற கேள்விக்கு விடை சொல்ல நான் துணியமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் உவமை சொல்லக்கூடாது, பக்கத்தில் இருக்கவேண்டும். அன்று கண்ணீர் விட்டவர்களும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அந்தளவு எங்களாலும் முடியும்.

மூன்றாவது மானசம். இது எட்ட இருப்பவரின் தீட்சை. ஆகவே எங்கள் தீட்சை.

நாங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து எங்கள் தாய்மார் ஆமைகள் ஆனார்கள். தொட முடியாது, பல ஆண்டுகள் பார்க்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, பிள்ளையின் பெயரில் ஓர் அருச்சனை. அந்த நினைப்பின் சூட்டிலே இங்கே பொரித்தவர்கள் நாங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைப் பிடித்தபடி தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது. விடை காணாமலே கண்மூடிய தாய்மாரும் பலர். பனி மூடிய ஜாக்கியைப் பார்த்துக் கண்கலங்கும் நாங்கள் அவர்களை மறந்துபோகலாமா? "இத்தனை வருடம் ஆகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று தாயிடம் சொல்லும் உரிமை எந்தக் கணக்காளனுக்கும் கிடையாது.

ஆகவே பறவையும் மீனும் ஆமையும் எங்களுக்குச் சொல்வது ஓர் ஒழுங்கு. கைக்கு எட்டுபவரைத் தொடுங்கள். கைக்கு எட்டாதவரைக் கண்ணால் காணுங்கள். கண்ணுக்கும் எட்டாதவரை நினையுங்கள். எட்ட இருப்பவரை நினைப்பது தவம். கிட்ட இருப்பவரை நினைப்பதோடு நிறுத்துவது சோம்பல். மலையுச்சிக் கழுகு இன்று சாப்பிட்டதா என்று அறிந்த பிள்ளை, கீழ்த்தளத்து அறையில் இருக்கும் அப்பப்பா சாப்பிட்டாரா என்பதையும் அறிந்திருக்கவேண்டும். ஊரில் தனித்திருக்கும் அம்மாவுக்குக் காசு அனுப்பியாயிற்று, நல்லது. ஞாயிறு காலையில் கைத்தொலைபேசியில் முகம் காட்டினோமா? முதியோர் இல்லத்தில் இருக்கும் எம்மவரின் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று? இந்தக் கணக்கை அவரவர் வீட்டிலே எழுதிப் பாருங்கள்.

இறுதியாக ஒரு நற்செய்தி. 2024 இல் ரொறன்ரோ மாநகரிலேயே வெண்தலைக் கழுகின் கூடு ஒன்று முதன்முறையாகப் பதிவாயிற்று. கூடு எங்கே என்பதைப் பாதுகாப்பு அதிகாரிகள் வெளியிடவில்லை. கூட்டம் கூடினால் பறவை வெருண்டுவிடும் என்பதற்காக. ஒரு கூட்டை உலகம் பார்த்துக் காக்கிறது. இன்னொரு கூட்டை ஊர் பாராமல் காக்கிறது. வீதியில் போகும்போது எங்கள் தலைக்கு மேலே எங்கோ ஒரு மரத்தில் ஒரு தாய் அடைகாக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மானசம்.

தொட்டும் பார்த்தும் நினைந்தும் எங்கள் பிள்ளைகளையும் முதியோரையும் காக்கும் வல்லமையை எல்லாம் வல்ல எம்பெருமான் தந்தருளப் பிரார்த்திப்போமாக.

திருச்சிற்றம்பலம்.