பழுது எங்கே இருக்கிறது? கண்டியின் ஈரத்தில் ஒரு மெய்யியல் வினா

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பிறகும் அது அதே பொருளாக நிலைக்கிறதா என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியசின் கப்பலைக் காட்டி அதை எழுப்பியவர் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். கழற்றப்பட்ட பழைய பலகைகளைக் கொண்டு வேறொரு கப்பலைக் கட்டிவிட்டால் இரண்டில் எது பழைய கப்பல் என்று கேட்டு, 17ஆம் நூற்றாண்டில் அவ்வினாவை மேலும் இறுக்கியவர் ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ். கண்டியில் இவ்வினாவுக்கு வேறொரு வரலாறு உண்டு. அந்த வரலாறு பழுதுபார்த்தல் என்னும் அன்றாடத் தொழிலுக்கு மிக அணுக்கமானது ஆகையால், இரைச்சலிடும் பழைய துணி உலர்த்தி ஒன்றின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே அதனை ஆராயலாம்.

மிலிந்தன் என்னும் அரசனும் நாகசேனர் என்னும் பிக்குவும் நிகழ்த்திய உரையாடலாக அமைந்த ‘மிலிந்த பன்ஹ’ என்ற பாளி நூலில், அரசன் ஏறிவந்த தேரே விவாதப் பொருளாகிறது. ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் வினவ, அரசன் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். இவற்றுக்குப் புறம்பாகவும் ஒரு தேர் இல்லை என்று ஒப்புகிறான். உறுப்புகளைச் சார்ந்து ‘தேர்’ என்னும் பெயர் வழங்குகிறது என்பதே முடிவு. சார்ந்து இடப்படும் இப்பெயரைப் பௌத்தர் ‘பஞ்ஞத்தி’ என்பர். இந்நூலை 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் சிங்களத்தில் பெயர்த்தவர் ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர். கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்துச் சங்கராஜரான சரணங்கரரின் மாணவர் பரம்பரையில் வந்தவர் அவர். அப்பரம்பரையே ஒரு திருத்தப்பணியின் விளைவு என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இலங்கையில் உபசம்பதை என்னும் முழுத் துறவுநிலை அற்றுப்போயிருந்த நிலையில், 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) வருவிக்கப்பட்ட பிக்குகளே அதனைக் கண்டியில் மீண்டும் நிறுவினர். சீயத்துக்கோ அந்நெறி பல நூற்றாண்டுகளுக்கு முன் இலங்கையிலிருந்தே சென்றிருந்தது. இப்பணிக்கு ஆதரவளித்த அரசனும் தென்னிந்திய நாயக்கர் குலத்தவன். அறுந்த பரம்பரை அயலிலிருந்து வந்த இழையால் தொடுக்கப்பட்டபின் அதே பரம்பரையாக ஏற்கப்பட்டது என்றால், தேர் பற்றிய அந்த உரையாடல் அதை மொழிபெயர்த்தவரின் பரம்பரையிலேயே ஒருமுறை நடந்து முடிந்திருந்தது எனலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த கண்டியில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிற்பகல் மழை ஓயாமல் பெய்ய, விறாந்தைக் கொடியில் இட்ட துணி மறுநாளும் ஈரமாகவே கிடந்து முடைநாற்றம் எடுக்கும். வஸ் காலம் எனப்படும் மழைக்கால உறைவு முடிந்ததும் பிக்குகளுக்கு வழங்கப்படும் கடினச் சீவரம் என்னும் துறவாடையை ஒரே நாளில் வெட்டித் தைத்துச் சாயமிட்டு முடிக்கவேண்டும் என்பது விதி. அதைச் செய்யும் மாதமும் இந்த மழை மாதமே. பெரும்பாலான வீடுகள் இன்றும் கொடியையே நம்பியிருக்க, தங்குவிடுதிகளிலும் வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் வீடுகளிலும் பழைய உலர்த்திகள் இயங்குகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியபின், புதியதொன்றை வாங்குவது பலருக்கும் எட்டாததாயிற்று. ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பூட்டுவது வழக்கமாயிற்று. ஹொப்ஸ் கற்பனையில் கட்டிய இரண்டாவது கப்பல் அவ்வாறு திருத்துமிடங்களின் மேசைமீது உண்மையாகவே உருவாயிற்று.

உலர்த்தியின் உள்ளமைப்பு எளியது. துணி சுழலும் பெரிய உருளை, அதாவது டிரம், பல வகைகளில் பின்புறம் இரண்டு சிறிய ரோலர்கள் மீதும் முன்புறம் வழுக்குத் துண்டுகள் மீதும் அமர்ந்திருக்கும். அதைச் சுற்றியோடும் நீண்ட மெல்லிய பெல்ட்டை மோட்டார் இழுக்க, ஸ்பிரிங் விசையால் அழுத்தும் சிறு கப்பியொன்று பெல்ட்டைத் தளராமல் காக்கும். சூடேறிய காற்றை விசிறி ஈர்த்து வெளியேற்றும். மின்னிணைப்பைப் பிடுங்கி, பெல்ட்டை நீக்கி, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்றுவதே பழுதறியும் முதற்படி. அப்போதும் ‘தடக் தடக்’ என்ற ஒலி எழுந்தால், நெடுநாள் ஓடாமல் நின்றதால் ஒரு பக்கம் தட்டையான ரோலரையோ தேய்ந்த வழுக்குத் துண்டையோ பார்க்கவேண்டும்; ஒலி அடங்கினால் கப்பியையும் விசிறியையும் பார்க்கவேண்டும். கீச்சென்ற ஒலி பெரும்பாலும் எண்ணெய் வற்றிய கப்பியினுடையது. கனத்த உறுமல், பஞ்சு ஒரு பக்கமாக அடைந்து நிறைகுலைந்த விசிறியினுடையது.

ரோலரைக் கழற்றி அது சுழலும் தண்டைத் துடைத்துப் பார்த்தால், டிரம்மின் பாரம் அழுத்திய மேற்பக்கத்தில் மட்டும் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் பள்ளம் விழுந்திருக்கும். கீழ்ப்பக்கம் நேற்று வந்ததுபோல் பளபளக்கும். அதே ரோலரை வேறொரு புதிய தண்டில் இட்டால் அது ஒலியின்றிச் சுழலக்கூடும். அதே தண்டில் புதிய ரோலரை இட்டாலும் ஒலி ஓரளவு தணியக்கூடும். அவ்வாறாயின் இரைச்சல் ரோலரிலும் இல்லை, தண்டிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே தளர்ந்துபோன பொருத்தத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயை விட்டுச் சமாளிக்கும் வீட்டு வைத்தியம் சில நாள் மட்டுமே பலிப்பதன் காரணமும் இதுதான்: எண்ணெயில் பஞ்சு படிந்து பிசுக்காகி, இடைவெளி இருந்தபடியே இருக்கும்.

நாகசேனரின் முடிவை ‘தேர் என்று ஒன்று இல்லை’ என்று சுருக்கிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையிலேயே தேர் இருக்கிறது என்பதே அவர் காட்டுவது. திருத்துபவர் விரல் நுனியால் உணர்வதும் அதையே. இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர். பொருள்களுக்குச் சுபாவம், அதாவது பிறிதொன்றைச் சாராமல் தன்னளவில் நிலைத்த இயல்பு, உண்டென்று கொண்டால் அவை தோன்றவும் முடியாது, அழியவும் முடியாது என்று தம் நூலான மூலமத்தியமக காரிகையின் 24ஆம் அதிகாரத்தில் அவர் வாதிடுகிறார். இதனைத் திருத்துமிடத்தில் வைத்துப் பார்த்தால், மாறாத இயல்புடைய உலர்த்தி பழுதாகவும் மாட்டாது, பழுதானால் சீராகவும் மாட்டாது. நிலையாமை என்றால் இழப்பு என்று மட்டுமே எண்ணிப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தேய்மானத்துக்கு இடங்கொடுக்கும் அதே தன்மைதான் மீட்புக்கும் இடங்கொடுக்கிறது.

சைவ சித்தாந்தம் இங்கே குறுக்கிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கம் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் எடுத்து மறுக்கிறது. யாவும் கணந்தோறும் அழிந்து தோன்றுவன என்னும் கொள்கைக்கு எதிராக எழுந்த பழைய வாதத்தை இயந்திரத்துக்குப் பொருத்திச் சொன்னால் இவ்வாறு அமையும்: நேற்று இரைச்சலைக் கேட்டவரும் இன்று அமைதியைக் கேட்பவரும் ஒருவரே ஆனாலன்றி, ‘இரைச்சல் நின்றது’ என்று சொல்ல எவரும் இல்லை. இயந்திரம் சடம், அறிவற்றது. அதற்கு நிலைத்த தன்மை வேண்டியதில்லை. அதைக் கேட்பவருக்கு வேண்டும். பௌத்தர் இதற்கு விடையற்றவர் அல்லர். இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முற்றாக அதுவும் அன்று, முற்றாக வேறும் அன்று என்கிறார் நாகசேனர். நட்ட மாங்கொட்டையும் பறித்த மாங்கனியும் வேறானாலும், ஒன்றிலிருந்து மற்றது வந்தமையால் திருடியவன் தண்டனைக்குரியவனே என்றும் காட்டுகிறார். மாங்கனியின் விடை வலுவானது. பொறுப்பு நிலைக்க ஆன்மா நிலைக்கவேண்டியதில்லை என்பதை அது நிறுவிவிடுகிறது. எனினும், இரண்டு ஒலிகளை ஒப்பிட்டு அறியும் ஒருமையை அது விளக்குவதில்லை. ஒரு சுடர் முந்திய சுடரை நினைவுகூர்வதில்லை. இவ்விடத்தில் சித்தாந்தியின் வினா இன்னும் உயிரோடிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

எவ்வளவு வரை திருத்துவது என்ற நடைமுறை வினாவில் இவ்விரு நெறிகளும் வியக்கத்தக்க வகையில் அருகருகே வருகின்றன. கண்டியின் கட்டுகலை செல்வ விநாயகர் ஆலயம் போன்ற சைவ ஆலயங்களில் திருப்பணி தொடங்குமுன் தெய்வத்தின் சாந்நித்தியம், அதாவது உறையும் தன்மை, பாலாலயம் என்னும் தற்காலிக இருப்பிடத்துக்கு மாற்றப்பட்டு, பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தால் மீண்டும் நிலைநிறுத்தப்படுகிறது. பழையன புதுக்கும் விதிகளைக் கூறும் சீர்ணோத்தாரண நூல்கள், சிறு உறுப்பு சிதைந்த திருமேனியைத் திருத்தலாம் என்றும், முதன்மை உறுப்பு சிதைந்ததை முறைப்படி நீக்கவேண்டும் என்றும் வேறுபடுத்துகின்றன. பௌத்தத் துறவொழுக்க விதிகளான விநயத்தின் சுல்லவக்கத்தில், உதேன மன்னன் கேட்க ஆனந்தர் சொல்லும் விடையும் இத்தகையதே: பழைய சீவரம் மேல்விரிப்பாகும், பின் மெத்தை உறையாகும், அது நைந்தால் தரைவிரிப்பாகும், பின் கால்மிதியாகும், பின் துடைக்குந்துணியாகும், இறுதியில் கிழிந்த துண்டுகள் மண்ணோடு பிசையப்பட்டுத் தரை மெழுகப் பயன்படும்.

இவ்வளவையும் உலர்த்தியோடு வைத்து நோக்கினால் ரோலர், பெல்ட், கப்பி, டிரம்மின் விளிம்பைத் தாங்கும் கம்பளிப் பட்டை ஆகியன சிறு உறுப்புகள். எத்தனை முறை மாற்றினாலும் மாற்றலாம். சூடேற்றும் கம்பிச்சுருளுக்குச் செல்லும் வயர்களின் உறை கருகியிருந்தாலோ மோட்டாரின் சுற்று எரிந்த வாடை வீசினாலோ நிலைமை வேறு. பஞ்சு நிறைந்த அந்தப் பெட்டியில் தீ பற்றும் ஆபத்து உண்டாகையால், தேர்ந்த மின்வினைஞர் பார்த்து உறுதிசெய்யும்வரை அதை இயக்கக் கூடாது, அவர் கைவிட்டால் ஓய்வுகொடுத்தே ஆகவேண்டும். அப்போதும் டிரம்மும் விசிறியும் நல்ல ரோலர்களும் இன்னொரு வீட்டு உலர்த்திக்குப் போய்ச் சேரும்.